பகுதியில் இருப்பது யார்? ஓசூர் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தேர்ச்சிக் கணக்கு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அரை மணி நேரத்தில் தலைமையாசிரியர் அறையில் ஒரு வேலை முடிந்தாக வேண்டும். எழுதியவர் எத்தனை, தேறியவர் எத்தனை, சதவீதம் எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, செல்போனில் படம் பிடித்து மேலே அனுப்ப வேண்டும். யாருக்கு எந்தப் பாடத்தில் போயிற்று, யார் எதிர்பாராமல் நானூறு தாண்டினார்கள் என்பதெல்லாம் டீ வந்த பிறகுதான். ஓசூர் மாநகராட்சி எல்லைக்குள் நான் கணக்கு ஆசிரியராக இருந்த அரசு உயர்நிலைப் பள்ளியிலும் இதே வழக்கம்தான். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே படித்தவர்கள் இன்று அதே ஊரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஒற்றை எண்ணைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நாங்களே எங்கள் சொந்தப் பின்னத்தில் மேலே மட்டும்தான் பார்க்கிறோம். கணக்கு விளங்குவதற்காக, ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போது 40 பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். பத்தாவது முடிவில் தேர்வறைக்குள் போனவர்கள் 33. தேறியவர்கள் 30. நாங்கள் அனுப்பும் எண், 30-ஐ 33-ஆல் வகுத்தது. கிட்டத்தட்ட 91 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. அதே 30-ஐ 40-ஆல் வகுத்தால் 75. இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஏழு பிள்ளைகள். அவர்கள் தோற்றவர்களும் இல்லை, தேறியவர்களும் இல்லை. கணக்கிலேயே இல்லாதவர்கள்.

இது எங்கள் பள்ளியோடு நிற்கிற சங்கதி இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுக்க 50,000 பேருக்கு மேல் வரவில்லை என்ற செய்தி வந்து பெரிய பேச்சானது நினைவிருக்கும். அவர்களில் பலர் அன்று காலை தூங்கிப்போனவர்கள் அல்ல. பள்ளியை விட்டுப் பல மாதம் ஆகியும் பெயர் மட்டும் பட்டியலில் தங்கியிருந்தவர்கள். பெயர் தங்கியதால் அந்த முறை ஊருக்குத் தெரிந்தது. தங்காமல் முன்கூட்டியே உதிர்ந்துபோகிற பெயர்களை யார் எண்ணுவது?

ஊரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து 2004இல் பிரிந்தது. தருமபுரியே 1965இல் சேலத்திலிருந்து பிரிந்ததுதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டபோது கிருஷ்ணகிரி 71.46, தருமபுரி 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம் தருமபுரிக்கு. அந்தப் பின்தங்கிய மாவட்டத்துக்குள் பணம் புழங்குகிற ஊர் ஓசூர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் அதைத் தொட்டு வளர்ந்தவை. 2019இல் மாநகராட்சி ஆனது. பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். இப்படிப்பட்ட ஊரின் அரசுப் பள்ளி கிராமத்துப் பள்ளியைவிட நன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று மீளாய்வுக் கூட்டங்களில் கேட்பார்கள். "டவுன்ல இருந்துக்கிட்டு இவ்வளவுதானா?"

கேள்வியே தலைகீழ். கிராமத்துப் பள்ளியில் ஊரே படிக்கும். மேம்பட்ட வீட்டுப் பிள்ளையும் கூலி வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். நகரத்தில் அப்படி இல்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஓசூர்க் குடும்பம் செய்கிற முதல் காரியம், வாசலுக்கு வேன் வருகிற பள்ளிக்குப் பிள்ளையை மாற்றுவது. நிரந்தர வேலை உள்ளவர், சொந்த வீடு கட்டியவர், கடை வைத்தவர் என்று ஒவ்வொருவராகப் போய்விட, அரசுப் பள்ளியின் பதிவேட்டில் மிஞ்சுவது வாடகை வீட்டுக்காரர்கள். அதிலும் ஒப்பந்தக் கூலிகள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், பூத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். ஊர் வளர வளர, அந்த ஊரின் அரசுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் சராசரி ஓசூர்க்காரரிலிருந்து விலகிக்கொண்டே போகிறார்கள்.

சரி, பள்ளிக்கு வருவோம். ஒரு கோடை விடுமுறையில் நானும் சமூக அறிவியல் ஆசிரியை ஒருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அதிலிருந்த ஒவ்வொரு பெயரையும் பத்தாவது வரை பின்தொடர்ந்தோம். கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸ் தளத்தில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். இருப்பது உண்மைதான். ஆனால் அது இன்றைய நிலவரத்தைக் காட்டும், போன கதையைச் சொல்லாது. ஒரு பிள்ளை வராமல் போய், மாற்றுச் சான்றிதழும் கொடுத்தாகிவிட்டால் பெயர் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். வேறு பள்ளி எடுத்துக்கொண்டால் சரி. எடுக்காவிட்டால் அந்தப் பெயர் அங்கேயே மிதக்கும். அதனால் காகிதப் பதிவேடும் கலர் பென்சிலும்தான் எங்களுக்கு உதவின.

முதலில் சமூகப் பிரிவு வாரியாகப் பார்த்தோம். அதிகாரிகள் கேட்கிற படிவம் அந்த வரிசையில்தான் இருக்கும். பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி., எஸ்.சி., அருந்ததியர், எஸ்.டி., ஓ.சி. ஓ.சி. கட்டம் ஏறக்குறைய காலி. அதுவே ஒரு செய்தி. மற்ற பிரிவுகளில் மதிப்பெண்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒரே எம்.பி.சி. கட்டத்துக்குள் ஓசூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கிற வீட்டுப் பெண்ணும் இருந்தாள், பென்னாகரம் பக்கத்திலிருந்து அப்பா சென்ட்ரிங் வேலைக்கு வந்ததால் நடு ஆண்டில் சேர்ந்த பையனும் இருந்தான். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த தூரம், பிரிவுக்கும் பிரிவுக்கும் இடையே தெரிந்த தூரத்தைவிடப் பெரிது. சாதி பொருட்டில்லை என்று இதை வைத்து யாரும் கிளம்பிவிட வேண்டாம். யார் கூலிக்கு ஊர் மாறுகிறார்கள், யார் மாறத் தேவையில்லாமல் இருக்கிறார்கள் என்பதைத் தீர்மானித்ததில் சாதிக்குப் பெரிய பங்கு உண்டு. நான் சொல்வது, வகுப்பறையில் நின்று பார்க்கும்போது அந்தக் கட்டம் மட்டும் போதவில்லை என்பதுதான்.

அப்புறம் வேறொரு விதமாக அடுக்கினோம். ஆறிலிருந்து பத்துக்குள் எத்தனை பள்ளி மாறினார்கள்? இதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. மாற்றுச் சான்றிதழ்களைப் புரட்டி எண்ண வேண்டியிருந்தது. எண்ணி முடித்ததும் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒரே பள்ளியில் ஐந்து ஆண்டும் இருந்தவர்கள், வீட்டில் எவ்வளவு கஷ்டம் இருந்தாலும், பெரும்பாலும் கரையேறியிருந்தார்கள். இரண்டு மூன்று பள்ளி பார்த்தவர்களின் வரிசையில்தான் வெற்றிடங்கள். ஓசூரில் வாடகை ஏறினால் குடும்பம் ஊரின் வெளிப்பக்கம் நகரும். ஒப்பந்தக்காரர் மாறினால் பெங்களூரு பொம்மசந்திரா பக்கம் போய்விடும், அங்கே கன்னட வழிப் பள்ளி. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளைக்கு இங்கே நடத்திய பாடமும் தெரியாது, அங்கே நடத்தியதும் நிற்காது.

மூன்றாவது பென்சில் நிறம் வீட்டு மொழிக்கு. இந்த மாவட்டத்தில் தமிழுக்கு அடுத்துத் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுகிற வீடுகள் ஏராளம். பழைய சேலம் மாவட்டத்தின் பாலாகாட் பகுதி இது. மொழிகளுக்கு இங்கே வேலி கிடையாது. எமிஸில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் சேர்க்கை நாளன்று வரிசை வராந்தாவரை நிற்கும்போது யார் கேட்டு நிரப்புகிறார்கள்? பெற்றோர் வாய் திறப்பதற்குள் 'தமிழ்' என்று விழுந்துவிடும். அம்மாவோடு செல்போனில் பேசும்போது காதில் விழுகிற மொழியை வைத்து நாங்கள்தான் மறுபடி நிரப்பினோம்.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகலூர் சாலைப் பக்கம் வீடு. அம்மா ரோஜாத் தோட்டத்தில் பேக்கிங் வேலை. வீட்டில் தெலுங்கு. பத்தாம் வகுப்பில் இயற்கணிதத்தில் அவன் கை நிற்காது. காரணிப்படுத்துவதில் என்னைவிட வேகம் என்று வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு தேர்விலும் ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்று வெற்றுத் தாளாக இருக்கும். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு கணக்கை வாசிக்கச் சொன்னேன்: "ஒரு பேருந்து 90 கி.மீ. தொலைவைச் சீரான வேகத்தில் கடக்கிறது. அதன் வேகம் மணிக்கு 15 கி.மீ. அதிகரித்திருந்தால் பயண நேரம் 30 நிமிடம் குறைந்திருக்கும். பேருந்தின் வேகம் என்ன?"

'சீரான' என்ற இடத்தில் நின்றான்.

"என்னடா?"

"சீர்னா கல்யாணத்துல குடுக்கறது இல்லீங்களா சார்? பஸ்சுக்கு எதுக்கு?"

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. நான் அரூர்க்காரன். ஓசூர் வந்து வீட்டுக்காரரிடம் கற்ற அரைகுறைத் தெலுங்கில் "ஒகே ஸ்பீடு"டா என்றேன், ஒரே வேகம் என்று. அவ்வளவுதான். வேகம் எக்ஸ் என்று எழுதினான், 90-ஐ எக்ஸால் வகுத்தான், எக்ஸ் கூட்டல் 15-ஆல் வகுத்தான், இரண்டையும் கழித்து அரை என்று போட்டான். இருபடிச் சமன்பாடு வந்தது. பிரித்தான். 45. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பத்து மாதமாக அவனுக்குக் கணக்கு வரவில்லை என்று மெல்லக் கற்போர் பட்டியலில் பெயரை எழுதி வைத்திருந்தவன் நான்.

அதன் பிறகு விடைத்தாள்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள் மதிப்பெண்ணை இழந்த இடம் ஒன்றுபோல இருந்தது. வரைபடத்திலும் செய்முறை வடிவியலிலும் இழக்கவில்லை. வாக்கியக் கணக்கிலும், சமூக அறிவியலின் நெடுவினாக்களிலும், தமிழ் உரைநடையிலும் இழந்தார்கள். 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டப்படி அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடமாகி, 2015-16இல் பத்தாம் வகுப்புக்கு வந்துசேர்ந்தது. மொழிச் சிறுபான்மையினருக்கு விலக்கு கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. இந்த ஊரில் பிழைக்கத் தமிழ் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் கட்டாயமாக்கிய பாடத்துக்கு அதைப் புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு ஏற்ற வகுப்பும் இருந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் பீகார், ஒடிசா தொழிலாளர் பிள்ளைகள் வந்து சேர்ந்தபோதும் அவர்கள் கையில் கொடுத்தது அதே தமிழ்ப் புத்தகம்தான்.

ஆங்கில வழிப் பிரிவுக்கு ஒரு வரி போதும். பெயரைப் பார்த்துச் சேர்கிறார்கள், பாதிப் பாடம் தமிழில்தான் நடக்கிறது, தேர்வில் மட்டும் ஆங்கிலம் வந்து நிற்கிறது.

வருகைப் பதிவேடு சொன்ன கதை எனக்குப் புதிது. எல்லாப் பள்ளியிலும் வருகை திங்கட்கிழமையும் மழையன்றும் குறையும். எங்களுக்கு இரண்டு பருவங்கள் இருந்தன. ஒன்று ஜூன். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் சொந்த ஊர் உள்ள குடும்பங்கள் மாம்பழம் முடியாமல் திரும்ப மாட்டார்கள். பெங்களூரா மாங்காய் மரத்திலிருந்து கூழ் ஆலைக்குப் போய்ச் சேரும்வரை வீட்டில் ஒவ்வொரு கைக்கும் வேலை உண்டு. பள்ளி திறந்து மூன்று வாரம் கழித்துத்தான் கறை படிந்த கையோடு பையன்கள் வருவார்கள். இன்னொன்று ஜனவரி கடைசி. பிப்ரவரி 14க்காக ஓசூர் ரோஜாக்கள் விமானம் ஏறுகிற நேரம். தோட்டத்தில் அம்மாவுக்கு இரவு வரை வேலை. தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நிற்பாள். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடப்பதும் அப்போதுதான். காதலர் தினத்துக்கும் எங்கள் தேர்ச்சி சதவீதத்துக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருப்பது பூங்கொத்து வாங்குகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1953இல் கொண்டுவந்த, அரைநாள் பள்ளி மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தை மறு ஆண்டே காமராஜர் ஆட்சி கைவிட்டது. எங்கள் வகுப்பில் சிலருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்று ஆசிரியை கிண்டலாகச் சொன்னார். முகத்தில் சிரிப்பில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. நாங்கள் பின்தொடர்ந்த பதிவேட்டில் ஆண்கள் ஒவ்வொருவராகத் தேய்ந்து மறைவார்கள். முதலில் வாரத்துக்கு ஒருநாள், அப்புறம் இரண்டு நாள், அப்புறம் மெக்கானிக் ஷெட். பெண்கள் அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை வரை வருவாள், திங்கட்கிழமை இருக்க மாட்டாள். ஒரு பெண்ணுக்காக வீடு தேடிப் போனோம். வாசலில் புதுப் பந்தல்கால் நட்ட குழி ஈரமாக இருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "உறவுலதான் சார், மாப்பிள்ளைக்குப் பெங்களூர்ல வேலை. படிக்க வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க" என்றார். பதினைந்து வயது. குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தது யார் என்று இன்றுவரை நாங்கள் வெளியே சொன்னதில்லை. அவள் அந்த ஆண்டு தேர்வெழுதினாள். வேறொருத்தி விஷயத்தில் நாங்கள் போய்ச் சேருவதற்குள் குடும்பமே மாநில எல்லை தாண்டியிருந்தது.

முன்பு பத்தாவது முடித்த பெண்ணின் திருமணத்துக்கு அரசு பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் வீடுகளில் அது 'பத்தாவது வரை போதும்' என்ற எல்லைக்கல்லாக மாறியிருந்தது. 2022இல் அதே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தை உயர்கல்விக்கு மாற்றி, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். புதுமைப் பெண். வீட்டுவாசலில் நின்று பேசும்போது எங்களுக்குக் கைகொடுத்தது சட்டத்தைவிட இந்த ஆயிரம்தான். "இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்கம்மா, மாசாமாசம் அவ கணக்குலயே விழும்" என்றால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

கொரோனாவைச் சொல்லாமல் விட முடியாது. 2020 மார்ச்சில் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளை, ஆறாம் வகுப்பை முழுக்க வீட்டில் கழித்து, 2021 நவம்பரில் நேராக ஏழாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. அதே பிள்ளை 2025இல் பத்தாவது எழுதியது. பின்னமும் குறை எண்களும் கற்க வேண்டிய காலம் காணாமல் போயிருந்தது. அதன் விளைவு எந்தச் சமூகக் கட்டத்திலும் தெரியாது. ஸ்மார்ட்போன் இருந்த வீடு, இல்லாத வீடு என்று பிரித்தால் தெரியும்.

பென்சில் கோடுகளைப் பார்த்த பிறகு என்ன செய்தோம் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. காலை முதல் பாடவேளையில் இருபது நிமிடம் வினாவை மட்டும் வாசித்தோம். விடை எழுதக் கூடாது. வாசித்து, என்ன கேட்கிறது என்று வீட்டு மொழியில் பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்ல வேண்டும். வகுப்பில் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே நேரத்தில் கேட்டது. மேற்பார்வைக்கு வந்த ஒருவர் முகம் சுளித்தார். தலைமையாசிரியை நீள நோட்டு ஒன்று போட்டார். நடு ஆண்டில் வருகிறவர், போகிறவர் எல்லோருக்கும் அதில் ஒரு பக்கம். எந்தப் பாடம் வரை நடந்தது, எந்த எண்ணில் பேசினால் யார் எடுப்பார்கள், அப்பாவுக்கு எந்த ஷிப்ட். 'ஏ ஷிப்ட்' அப்பாவை மதியம் மூன்றுக்குப் பிறகு பிடிக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கடைசியாக ஒரு முடிவு. அதுதான் வினையானது. பத்தாம் வகுப்பு நாமினல் ரோல், அதாவது தேர்வெழுதுவோர் பட்டியல், தயாரிக்கும் நேரத்தில் ஒரு பேச்சு எழும். தேறாது என்று தெரிந்த பிள்ளையைப் பெற்றோரிடம் பேசி, டி.சி. வாங்கிக்கொள்ள வைப்பது. ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுவது. எட்டு வரை நிறுத்த முடியாது என்பதால் ஒன்பதுதான் சல்லடை. யாரும் உத்தரவாகச் சொல்ல மாட்டார்கள். "பாத்துக்கங்க" என்பார்கள். அந்த ஆண்டு தலைமையாசிரியை யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. இருந்த பெயர் அத்தனையும் ரோலில் ஏறியது. பாதியில் நின்ற சிலரை வீட்டிலிருந்து கூட்டிவந்து எழுத வைத்தோம்.

நான் மேலே சொன்ன வகுப்புக் கணக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 40 பேரும் எழுதி 33 பேர் தேறினால் சதவீதம் 82.5. முன்பு 30 பேர் தேறியபோது 91. மூன்று பிள்ளைகள் கூடுதலாகத் தேறியிருக்கிறார்கள், பள்ளி எட்டு புள்ளி சரிந்திருக்கிறது. எங்கள் பள்ளியிலும் நடந்தது இதே வடிவம்தான். மீளாய்வுக் கூட்டத்தில் சரிந்த பள்ளிகளின் பெயரை வாசித்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். தலைமையாசிரியை நீள நோட்டைக் கையில் எடுத்துப் போயிருந்தார். அதைத் திறக்க நேரம் வரவில்லை. திரும்பி வந்து, "அவங்க தாள்ல ஒரே ஒரு கட்டம்தான் சார் இருக்கு" என்றார். அடுத்த ஆண்டும் எல்லாப் பெயரையும் ஏற்றினார்.

ரோஜாத் தோட்டத்து அம்மாவின் மகன் கணக்கில் 71 வாங்கினான். தமிழில் 38. ஐ.டி.ஐ.யில் சேர டி.சி. வாங்க வந்தபோது நான் அலுவலக அறையில் இருந்தேன். எழுத்தர் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர், பிறந்த தேதி, சமூகம், தாய்மொழி தமிழ்.

"தெலுங்குன்னு மாத்திடலாமா தம்பி? சார் சொல்றாரு" என்றார்.

அவன் என்னையும் திரையையும் பார்த்தான். "இருக்கட்டும் சார். 38 வாங்கியிருக்கேன் இல்ல" என்றான்.